காலுக்குப் பின்னால் வந்த பாட்டு

போன வருஷம் எங்கள் டீமின் வாட்ஸப் குழுவில் ஒரு விளையாட்டு ஓடியது. ஆளுக்கு ஐந்து பாட்டு சொல்ல வேண்டும். கேட்டதும் கால் தானாக எழ வேண்டும், இல்லையென்றால் பாட்டே ஆட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். நான் முதலில் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் 'நலந்தானா'வைப் போட்டேன். அடுத்து 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு. மூன்றாவது 'வாத்தி கமிங்', அதை எல்லோருமே போட்டிருந்தார்கள். நான்காவதாக சஹானா ராகத்தில் ஒரு வர்ணம். அதற்குக் கீழே இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை அனுப்பினார்கள். ஐந்தாவது இடத்தை வெறுமையாக விட்டேன். "இன்னொண்ணு எங்க ப்ரோ?" என்று கேட்டார்கள். அது எந்த ஆப்பிலும் இல்லை. அதற்குப் பெயரும் இல்லை.

அதை நான் கேட்டது 1997-இல், நெட்டுக்குப்பத்தில், தாத்தாவை எடுத்த அன்று.

நெட்டுக்குப்பம் எங்கே இருக்கிறது என்று சென்னைக்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. திருவொற்றியூரைத் தாண்டி, எர்ணாவூரைத் தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வடக்கே போனால் எண்ணூர். அங்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலை ஒட்டி எங்கள் குப்பம். என் சின்ன வயதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அனல் மின் நிலையத்துச் சிம்னி தெரியும். காயப்போட்ட துணியைச் சாம்பல் உதறாமல் யாரும் மடிக்க மாட்டார்கள்.

அன்று மேளக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பறை, இரண்டு சட்டி மேளம். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். பாடை கிளம்பியதும் சித்தப்பா முன்னால் போய் நின்றார். லுங்கியை மடித்துக் கட்டினார். கண் சிவந்திருந்தது, குடித்ததாலா அழுததாலா தெரியவில்லை. அவர் உடனே ஆட ஆரம்பிக்கவில்லை. இடது தோளை மட்டும் லேசாகச் சாய்த்தார். மூத்த மேளக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு அடி அடித்தார்.

ஒன்பது வயதில் நான் கவனித்தது இதுதான்: மூத்தவர் நடந்தது பின்பக்கமாக. பறையை மார்போடு சாய்த்துப் பிடித்தபடி, போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சித்தப்பாவின் காலையே பார்த்தபடி நடந்தார். சித்தப்பா வேகம் பிடித்தால் அவர் கை வேகம் பிடித்தது. சித்தப்பா சட்டென்று ஒற்றைக் காலில் உறைந்தால் நாலு மேளமும் அந்த நொடியில் நின்றன. தெருவே மூச்சைப் பிடித்தது. தூக்கிய கால் மண்ணில் விழும்போது மேளமும் விழுந்தது. சத்தம் சித்தப்பாவின் காலுக்குள்ளிருந்து வருகிறது என்றுதான் அன்று நினைத்தேன். பொரிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பொரி இறைப்பதை மறந்து, ஆயாவிடம் திட்டு வாங்கினேன்.

குத்து என்று இன்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளம் பெரும்பாலும் திஸ்ர நடை, மும்மூன்றாகப் புரளும் ஓட்டம். அதை எந்த மென்பொருளிலும் பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம், நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் உறைகிற கால் எப்போது இறங்கும் என்பதை மென்பொருளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சித்தப்பாவுக்கே அது தெரியாது.

யார் யாருக்குப் பின்னால் போவது, ஆட்டத்துக்குப் பின்னால் பாட்டா, பாட்டுக்குப் பின்னால் ஆட்டமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எனக்குத் தொடங்கியது. இன்ஜினியரிங் முடித்து, பழந்தமிழ் படிக்கும் கிறுக்குப் பிடித்த பிறகு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அதே கேள்வியைப் பார்த்தேன். மாதவி ஆடப்போகும் மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று ஒரு கொத்தனாரைப் போல இளங்கோ அளந்து சொல்கிறார். ஆடல் ஆசானுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசை ஆசிரியனுக்கு என்ன, கவிஞனுக்கு என்ன, தண்ணுமைக்காரனுக்கு, குழல்காரனுக்கு, யாழ்க்காரனுக்கு என்ன என்று வரிசையாகப் போகிறது. வரிசையில் முதல் ஆள் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர். பிறகு வாத்தியங்கள் சேரும் இடம் வருகிறது: குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமைக்குப் பின்னால் முழவு. ஒருவர் இன்னொருவரின் பின்னால் நிற்பதாகவே அந்த இடம் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் மதிப்பும் கிடைக்கின்றன.

தலைக்கோல் என்பது காப்பியத்தோடு நின்றுபோன கற்பனைப் பட்டம் என்று நினைத்திருந்தேன். நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்று எதிர்ப்பட்டது. மூன்றாம் இராஜராஜனின் 19-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1235 வாக்கில். திருவிழாவுக்கு வந்த அரசன் கோயிலின் இராஜராஜன் மண்டபத்தில் உட்கார்ந்து உறவாக்கின தலைக்கோலி என்ற பெண் அகமார்க்கம் பாடக் கேட்கிறான். மனம் குளிர்ந்து 60 வேலி நிலம் கொடுக்கிறான். ஊருக்கு அவள் பெயரால் உறவாக்கினநல்லூர் என்று பெயர் வைக்கிறான். நிலம் இருந்த இடம் மணலி.

மணலி! அந்தப் பக்கத்தைப் படித்தபோது பஸ்ஸில் இருந்தேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன். எங்கள் நைனா இருபது வருஷம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் வந்த மணலி. 1969-இல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதைச் சுற்றி உரமும் ரசாயனமும் செய்யும் ஆலைகளும், ராத்திரியில் எரியும் நெருப்புக் குழாயும் உள்ள மணலி. ஒரு வேலி இன்றைய கணக்கில் ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைய அளவுகோல் வேறாக இருந்தாலும், குத்துமதிப்பாக 400 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கலைஞரின் பெயரில் ஒரு ஊர். அவள் பெயர் மணலியில் யாருக்கும் தெரியாது. நைனாவிடம் சொன்னேன். "நானூறு ஏக்கரா? பாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பாட்டுக்கா என்ற கேள்வி நல்ல கேள்வி. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அகமார்க்கத்தைக் கூத்து வகைகளோடுதான் சேர்க்கிறார். உடலால் செய்கிற, அகச்சுவை பற்றிய கூத்து அது. கல்வெட்டிலோ அதை அரசன் கேட்கிறான். ஆட்டத்தைக் காதால் கேட்டான் என்றால் நமக்கு இடறுகிறது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இடறியிருக்காது என்று தோன்றுகிறது. தலைக்கோலி பாடினாளா ஆடினாளா என்று பிரித்துக் கேட்டால் அவளுக்கே கேள்வி விளங்கியிருக்குமா?

இதைச் சொர்க்கமாக்கிவிடவும் கூடாது. நூறு வருஷம் கழித்து, 14-ஆம் நூற்றாண்டில், அதே கோயிலில் பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்று மூன்று பிரிவினருக்குள் எந்தப் பணி யாருக்கு என்று பெரிய தகராறு. யாருக்கு என்ன வேலை, எந்தச் சன்னதியில் என்று பிரித்துக் கல்லில் வெட்ட வேண்டிய அளவுக்குப் போயிருக்கிறது. வேலையும் மரியாதையும் சம்பந்தப்பட்ட இடத்தில் சண்டை இல்லாமலா?

என் பட்டியலில் நாலாவதாக இருந்த சஹானா வர்ணமும் இதே ஊர் சரக்குதான். தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர். அவர் அழைத்துத்தான் தியாகராஜர் திருவொற்றியூர் வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். குப்பையர் தன் மகனுக்கும் குருவின் பெயரையே வைத்தார். அந்தத் திருவொற்றியூர் தியாகய்யர் செய்ததுதான் இந்த வர்ணம். வர்ணம் என்ற வடிவம் கச்சேரிக்கும் சதிருக்கும் பொதுவானது. சதிரில் அதுதான் நடுநாயகம், முக்கால் மணி நேரம்கூட நீளும். கச்சேரியிலோ ஆரம்பத்தில், சபாவில் ஆட்கள் இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே பாடி முடித்துவிடுவார்கள். ஒன்றைப் பத வர்ணம் என்றும் மற்றதைத் தான வர்ணம் என்றும் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் குறுக்கே சுவர் எழுப்பி அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றும்.

சதிர்க் குழுவுக்கு இருந்த பழைய பெயர் சின்ன மேளம். நாகஸ்வரக் குழு பெரிய மேளம். ஆடும் பெண்ணின் பெயராலோ ஆட்டத்தின் பெயராலோ அல்ல, மேளத்தின் பெயரால் ஓர் ஆட்டம் அறியப்பட்டது. அந்தக் காலத்து நிழற்படங்களைப் பாருங்கள். முன்னால் ஆடும் பெண். அவள் முதுகுக்குப் பின்னாலேயே நட்டுவனார் தாளத்தோடு நிற்கிறார். மிருதங்கக்காரர் மிருதங்கத்தைத் துணியால் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். முகவீணை, துத்தி எல்லாம் நின்றபடிதான். அவள் முன்னால் நகர்ந்தால் இவர்களும் நகர்வார்கள், பின்வாங்கினால் பின்வாங்குவார்கள். மொத்த இசையும் ஒரு பெண்ணின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நடந்தது. முதன்முதலில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் மேளக்காரர்தான். அவர் முன்னால் பின்பக்கமாக நடந்தார், இவர்கள் பின்னால் முன்பக்கமாக நடந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

1930-களில் அந்த இசை உட்கார்ந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தேவதாசி ஒழிப்பு விவாதம் சட்டமன்றத்தில் சூடாக நடந்த காலம் அது, சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். அந்தச் சட்டத்தைக் கலையின் எதிரி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொட்டுக் கட்டுவதை எதிர்த்தவர்களில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போல அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர்களும் உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் மேடையில் இன்னொன்றும் நடந்தது. சதிர் பரதநாட்டியம் ஆனது. 1935-இல் அடையாறில் ருக்மிணி தேவி ஆடினார். பின்னால் நடந்துகொண்டிருந்த இசைக் குழுவை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்த மாற்றத்தில் அவருக்குப் பெரிய பங்கு. பார்வைக்கு அழகுதான், இப்போது ஆடுபவரைத் தனியாக, முழுதாகப் பார்க்க முடிகிறது. கூட்டமாக, வியர்வையோடு, பின்னால் இடித்துக்கொண்டு நிற்கும் ஆண்கள் படத்திலிருந்து போய்விட்டார்கள். கௌரவம் என்று எதை நாம் சொல்கிறோமோ அது இந்தக் காலி இடத்தைத்தான் கேட்டது என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கௌரவத்துக்கு மசியாதவர் வடசென்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ராயபுரத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். அங்கே ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணையும் பாட்டும் கேட்க நகரத்தின் பெரிய ரசிகர்கள் சத்தமில்லாமல் வந்து உட்காருவார்கள். அவர் பேத்தி பாலசரஸ்வதி. அம்மா ஜயம்மாள் பாட மகள் ஆடினார், ஆடும்போது தானும் பாடினார். யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்வியையே அவர் உடம்பு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. 1973-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை முதன்முறையாக ஒரு நடனக் கலைஞருக்குக் கொடுத்தது, அது அவருக்குத்தான். சத்யஜித் ரே 1976-இல் எடுத்த 'பாலா' படத்தில் அவர் கடற்கரையில் ஆடும் காட்சி இருக்கிறது. பின்னால் அலை அடிக்கிறது, புடவைத் தலைப்பு காற்றில் அலைகிறது. வயது அறுபதை நெருங்கிவிட்டது. எனக்கு அந்தக் காட்சி ஒவ்வொரு தடவையும் எங்கள் குப்பத்துக் கடலாகவே தெரிகிறது. தவறான கற்பனைதான், இருக்கட்டும்.

சினிமா இந்த முறையை அடியோடு திருப்பிப் போட்டது. அங்கே பாட்டை முதலில் பதிவு செய்கிறார்கள், படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு ஆடுகிறார்கள். கால் பாட்டுக்குப் பின்னால் ஓட வேண்டும். ஆனாலும் நம் சினிமாவுக்கு அந்தப் பழைய உறவு மறக்கவில்லை. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதி, ஏ.பி. நாகராஜன் 1968-இல் படமாக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' முழுக்க முழுக்க நாகஸ்வரமா நாட்டியமா என்ற போட்டிதான். 'நலந்தானா'வில் அவள் ஆட்டத்தின் நடுவே, சபை அறியாமல், வாசிக்கிறவனின் காயத்தை விசாரிக்கிறாள். சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் அவளுக்குப் பதில் சொல்கிறது. எல்லாமே முன்கூட்டிப் பதிவானது என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஏமாறுகிறேன். 2006-இல் வந்த மீன் கல்யாணப் பாட்டில் ஏமாற்று வேலை இல்லை. உலகநாதன் நின்று பாடுகிறார், சுற்றி ஆடுகிறார்கள், மீன் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எங்கள் தெருவில் அந்த வருஷம் அந்தப் பாட்டு இல்லாத கல்யாணம் இல்லை. எந்த மீன் எந்த மீனுக்கு என்ன முறை என்று பெரியவர்கள் உட்கார்ந்து விவாதித்தார்கள். 'வாத்தி கமிங்'கை அனிருத்தோடு பாடியதும் வரி எழுதியதும் கானா பாலச்சந்தர். சாவு வீட்டுத் தெருவில் வளர்ந்த தாளம் 2021-இல் உலகம் முழுக்க ரீல்ஸில் தோளைக் குலுக்கியது.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் கச்சேரிக்குப் போயிருந்தேன். மேடையில் பறையும் சட்டியும் கிடாருக்குப் பக்கத்தில் சரிசமமாக இருந்தன. அன்று ஆடிய கூட்டத்தில் நானும் ஆடினேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது, அதை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. 1997-இல் எங்கள் தெருவில் ஆடியவர்கள் நாங்கள், மீன்பிடிக்கிறவர்கள். அடித்தவர்கள் வேறு இடத்தில் இருந்து கூலிக்கு வந்த தலித்துகள். சித்தப்பாவின் காலை அத்தனை நுணுக்கமாகப் படித்த அந்த மூத்தவர் அன்று சாயங்காலம் படகு ஓரமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் அவரை வேறு இடத்தில் உட்காரச் சொன்னதாக ஞாபகமில்லை. யாரும் உள்ளே கூப்பிட்டதாகவும் ஞாபகமில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் தலித்துகள் மறுத்து, அடி வாங்கி, வென்ற வரலாறு இருக்கிறது. மேளம் நின்றால் நல்லது என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் உண்டு.

எனக்கு அந்தக் காரணம் இல்லை. ஆனாலும் நானும் மேளம் வேண்டாம் என்று சொன்னேன்.

2019-இல் ஆயா போனார். அனல் மின் நிலையம் மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, சிம்னியில் புகை இல்லை. ஆபீஸில் இருந்து ஆறேழு பேர் ஓஎம்ஆரில் இருந்து காரில் வருவதாகச் சொன்னார்கள். சித்தப்பா மேளத்துக்கு ஆள் சொல்லப் போனார். நான் வாசலில் மறித்தேன்.

"வேணாம் சித்தப்பா. ஆபீஸ்லேர்ந்து வராங்க. சும்மா அமைதியா எடுத்துடலாம்."

"இன்னாடா கண்ணு சொல்ற? அம்மாவ சும்மாவா அனுப்புறது?"

"இப்பல்லாம் யாரும் அப்பிடி பண்றதில்ல."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். படிச்ச பையன், காசு கொடுக்கிற பையன். சரி என்றார். யார் முன்னால் யார் பின்னால் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த நான் அன்று ஊருக்கே முன்னால் நடந்தேன்.

சங்கு மட்டும் ஊதினோம். ஆபீஸ்காரர்கள் மாலை போட்டு, கைகுலுக்கி, டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். வண்டி மெயின் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். "போன்லயாவது ஒண்ணு போடுறா." அறுபதைத் தாண்டியிருந்தார். நான் யூடியூபில் ஒரு மரண கானாவைத் தேடி, ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்து, கையை உயர்த்திப் பிடித்தேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டினார். இடது தோளைச் சாய்த்தார். பாட்டு அதற்குள் இரண்டு வரி ஓடிவிட்டது. அவசரமாக நாலு அடி எடுத்து வைத்தார். பிறகு பழைய மாதிரி ஒற்றைக் காலைத் தூக்கி உறைந்து நின்றார். பாட்டு நிற்கவில்லை. அவர் அந்தரத்தில் காலோடு நின்றார், அது தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு விளம்பரம் வந்தது.

காலை இறக்கினார். மூச்சு வாங்கியது.

"நிறுத்துடா," என்றார். "அது என் கால பாக்க மாட்டேங்குது."

நிறுத்தினேன். போனைப் பாக்கெட்டில் வைத்தேன். அங்கிருந்து இடுகாடு வரைக்கும் செருப்புச் சத்தமும், எதிரே வந்த கண்டெய்னர் லாரிகளின் ஹாரனும்தான்.